தூத்துக்குடியில் தங்குங்கள்: நெல்லைச் சீமைக் கடலோரத்துக்கு வருகிறவர்களுக்கு

"பிள்ளைகளுக்குக் கடற்கரையும் வேணும், சுத்திப் பார்க்க ஒரு டவுனும் வேணும். எங்கே ரூம் போடலாம்?" பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்வி இதுதான். கேட்பவர் டொராண்டோவில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், கன்னியாகுமரி என்று மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். நான் தூத்துக்குடி என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது.

கன்னியாகுமரியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 133 அடி வள்ளுவரையும், 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தையும் பார்க்கலாம். ஆனால் இரண்டுக்கும் படகில்தான் போக வேண்டும். ஜூன், ஜூலையில் கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். இரண்டு வருடம் முன்பு நாங்கள் அங்கே 'கடல் தெரியும் அறை' என்று கூடுதல் காசு கொடுத்துத் தங்கினோம். பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் நீலம் தெரிந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்த ஊர் வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊர். தூத்துக்குடி அப்படியில்லை. துறைமுகம், உப்பளம், மீன் ஏலம் என்று அதற்குத் தன் பாடே பெரிய பாடு. நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

வரும் வழி. சென்னையிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு விமானம் உண்டு. 2025 ஜூலையில் புது முனையம் திறந்த பிறகு நிலையம் விசாலமாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து நேராக வர மதுரை அல்லது திருவனந்தபுரம் தோதுப்படும். ரயில் என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸ். சாயங்காலம் சென்னையில் ஏறினால் காலையில் தூத்துக்குடி. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், பழைய 120 நாள் கணக்கை நம்பி இருக்காதீர்கள். அறை எடுக்கும்போது பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள். நாலைந்து பிரதி கையில் இருக்கட்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களும் இருக்கட்டும். டீக்கடையில்கூட எல்லோரும் போனைக் காட்டிக் காசு கட்டுகிறார்கள். அந்த வசதி இல்லாத நாம் ஐந்நூறை நீட்டினால், "சில்லறை இல்லையே அண்ணாச்சி" என்ற பதில்தான் வரும்.

அப்புறம் வெயில். மே மாதம் கத்திரி, வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் அடிக்கும். "அப்போ நெல்லை முழுக்க குளுகுளுன்னு இருக்குமே" என்று கிளம்பி வருகிறவர்கள் உண்டு. அந்த மழை மலையடிவாரத்தோடு நின்றுவிடும். கடலோரத்துக்கு வருவது காய்ந்த மேல்காற்றுதான். அதனால் காலை ஆறிலிருந்து பத்து மணி வரை வெளியே, மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம், நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. ஊர்க்காரர்களின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். மீனுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு கொண்டுவருவது மட்டும்தான் கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். நெய்மீனுக்கு ஆசைப்படுகிறவர்கள் ஜூன் பாதிக்குப் பிறகு வாருங்கள்.

தூத்துக்குடிக் கடல் மன்னார் வளைகுடாக் கடல். வெளியே தீவுகள் மறித்து நிற்பதால் அலை சின்னது. சாயங்காலம் முத்துநகர் கடற்கரையிலோ ரோச் பூங்காவிலோ பிள்ளைகளை ஓடவிட்டு உட்காரலாம். முத்து வாங்கலாம் என்று வராதீர்கள், 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பனிமய மாதா கோயில் 1713-இல் கட்டியது. திருவிழா வருடாவருடம் ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் முடியும். அந்தப் பதினோரு நாளும் ஊர் தூங்காது. அந்தச் சமயம் வருவதாக இருந்தால் அறையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ராத்திரி பரோட்டா. மெத்துமெத்தென்று ஒன்று, எண்ணெயில் பொரித்து நொறுங்குகிற மாதிரி ஒன்று, மேலே சால்னா. கல்லுக்கு முன்னால் ஆள் நின்று போட்டுக்கொண்டே இருக்கிற, கூட்டமுள்ள கடையாகப் பாருங்கள். எவ்வளவு நல்ல கடையானாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மட்டும் பாட்டிலில்தான்.

திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். விடியும் முன் கிளம்புங்கள். கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அப்புறம் முருகனைப் பார்ப்பதுதான் முறை. ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், பதின்ம வயதுப் பையன்களுக்கு இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கடலில் எல்லோரும் உடுத்திய துணியோடுதான் இறங்குவார்கள். நீச்சலுடை எந்தக் கரையிலும் ஒத்துவராது. முழுக்கை பனியனும் நீளக் கால்சட்டையும் போதும். கூட்டம் குளிக்கிற இடத்தைவிட்டுத் தள்ளிப் போகாதீர்கள். வைகாசி விசாகம் நேர்த்திக்கடன் இல்லாதவர்களுக்கு வேண்டாம், மூச்சு முட்டிவிடும்.

திரும்பும் வழியில் காயல்பட்டினம். சாயங்காலக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். இலங்கையோடு தலைமுறை தலைமுறையாக உறவுள்ள ஊர். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரை அழைத்துப் போனேன், வட்டலப்பம் என்கிற இனிப்பைக் கண்டதும் அரை மணி நேரம் அசையவில்லை.

நேரம் குறைவு என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மணப்பாட்டுக்கு மட்டுமாவது போங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே பதினெட்டு கிலோமீட்டர் இருக்கும். கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மணல்மேடு, அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேட்டின் மேல் நின்றால் ஒரு பக்கம் அலையடிக்கும் கடல், மறுபக்கம் அசையாத உப்பங்கழி. ஊருக்குள் கொழும்பு வியாபாரத்தில் கட்டிய பெரிய வீடுகள், பல இப்போது பூட்டிக் கிடக்கின்றன. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தெரு கொஞ்சம் உறுத்தும், எனக்கு உறுத்தியது. ஆடி மாதத்துக் காற்றில் மணல் ஊசி மாதிரி குத்தும், எட்டு மணிக்குள் மேட்டைவிட்டு இறங்கிவிடுங்கள். கடல் இங்கே முரடு. கரையில் வலை பார்க்கிறவர்களிடம், "இறங்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் கால் நனைக்க வேண்டும்.

வழியில் உடன்குடிப் பக்கம் தேரிக்காடு, செக்கச் சிவந்த மணல். பதனீர் கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

திருநெல்வேலிக்கு ஒரு நாள். இடையில் நிற்காத ஒன் டு ஒன் பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஆனி மாதம் என்றால் நெல்லையப்பர் தேரோட்டத் தேதியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், நீங்களும் வடம் பிடிக்கலாம். மதியம் சொதிச் சாப்பாடு கிடைத்தால் விடாதீர்கள். ஈழத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது இடியாப்பத்துக்கு ஊற்றும் உங்கள் சொதி இல்லை. காய்கறி போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, இஞ்சிப் பச்சடியோடு, கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு வைக்கிறது. கீழ ரத வீதியில் அல்வா விற்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், காலையில் போய்ப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மூட்டை கட்டும்போது மக்ரூனை மட்டும் கைப்பையில் வையுங்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த அந்தக் கூம்பு பெட்டிக்குள் போனால் மாவாகத்தான் வெளியே வரும். கருப்பட்டி வியர்க்கும், தாளில் சுற்றி அதற்கு மேல் பிளாஸ்டிக் பை போடுங்கள். அல்வாவின் நெய் எந்தப் பொட்டலத்தையும் மீறி வெளியே வரும், நல்ல சட்டைகளுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கருவாடு வைத்திருந்தால் இறங்கும்போது படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம், கருவாடும் போய்விடும்.