சொஸ்மா கைது: முதல் மணி நேரத்திலிருந்து தண்டனை நாள் வரை குடும்பம் செய்ய வேண்டியவை

ஆளைக் கூட்டிக்கொண்டு போகும்போதே கேட்டுவிடுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? மலேசியாவின் 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டமான சொஸ்மா என்றால் குற்றம் சாட்டி உயர்நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். 2015ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான போத்தா என்றால் நீதிமன்ற விசாரணையே இல்லாமல் ஒரு வாரியம் இரண்டாண்டு வரை தடுத்து வைக்கலாம். வக்கீல் செய்ய வேண்டிய வேலை இரண்டிலும் வேறு.

கைதான நேரம், அதிகாரியின் பெயர், பதவி, கொண்டுபோகும் இடம், எடுத்துச் சென்ற பொருள்கள் எல்லாவற்றையும் உடனே ஒரு தாளில் எழுதுங்கள். நாள் கணக்கெல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான். வீட்டில் மிஞ்சிய கைப்பேசியில் எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் அழித்த ஒரு வாட்ஸ்அப் குழு, ஆதாரத்தை மறைத்ததாகத் தனிக் குற்றமாகிவிடும்.

குடும்பங்கள் அதிகம் தவறுவது மறுநாள் காலையில். சாதாரணக் கைதில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் கேட்பார்கள். சொஸ்மாவில் அது கிடையாது. சூப்ரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியே காவலை 28 நாள் வரை நீட்டிக்கலாம். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்திலோ பினாங்கு லெபோ லைட் நீதிமன்றத்திலோ காத்துக்கிடந்தாலும் ஆள் வரமாட்டார். ரிமாண்டுக்கு நிற்கும் இலவச வழக்கறிஞரின் கண்ணிலும் இந்தக் கைது படாது. நீங்களாகவே வக்கீலைத் தேட வேண்டும், அதுவும் அன்றே.

குடும்பத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டியது போலீசின் கடமை. வக்கீலைச் சந்திப்பதை மட்டும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போடலாம். அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 49ஆவது மணியில் வக்கீலின் கடிதம் புக்கிட் அமான் தேசியப் போலீஸ் தலைமையகத்திலோ மாநிலப் போலீஸ் தலைமையகத்திலோ இருக்க வேண்டும். அசைவில்லை என்றால் மனித உரிமை ஆணையமான சுஹாகாமில் புகார், உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. "அவர் நல்லவர்" என்பது அந்த மனுவில் எடுபடாது. கைதின் நடைமுறை எங்கே பிசகியது என்பதே அங்கே கேள்வி; நீங்கள் எழுதிவைத்த தாள் அதற்குத்தான் உதவும்.

ஜாமீனுக்காக நகையை அடகு வைத்துவிடாதீர்கள். பெண்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், நோயாளிகளுக்குச் சொஸ்மா தரும் சலுகைகூடப் பயங்கரவாதக் குற்றங்களுக்குப் பொருந்தாது. 2019 நவம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஜாமீனைத் தடுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது உண்மை. அதை நம்பி உங்கள் வழக்கிலும் கதவு திறக்கும் என்று எண்ண முடியாது. அந்தப் பணம் வக்கீலுக்கும் நிபுணர் சாட்சிக்கும் தேவைப்படும்.

குற்றம் செய்தவரைத் தண்டிக்கத்தான் வேண்டும். 2016இல் பூச்சோங் கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசி எட்டுப் பேரைக் காயப்படுத்திய வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவருக்கு மறு ஆண்டே 25 ஆண்டுச் சிறை கிடைத்தது. அதே சட்டத்தில்தான் 2019 அக்டோபரில், விடுதலைப் புலிகளுக்கு ஆதரவு என்று 12 தமிழர்களைப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அத்தனை குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். உள்ளே கழிந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. தீர்ப்புக்கு முன்பே அனுபவிக்கும் தண்டனை இது. நாங்கள் எதிர்ப்பது இதைத்தான்.

ஆகவே குற்றப்பத்திரிகையில் பிரிவு எண்ணைப் பாருங்கள். தண்டனைச் சட்டத்தின் 130ஜே, பயங்கரவாதக் குழுவுக்கு ஆதரவு: ஆயுள் அல்லது 30 ஆண்டு வரை, அல்லது அபராதம். 130ஜேபி, அக்குழு தொடர்பான பொருளை வைத்திருத்தல்: ஏழாண்டு வரை, அல்லது அபராதம். முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை ஒப்புக்கொள்ளச் சொல்லும் பேச்சு வரலாம். காவலில் களைத்துப்போனவர் உடனே தலையாட்டிவிடுவார். வக்கீல் ஆதாரங்களைப் படித்து முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டாம்.

தண்டனை கிடைத்துவிட்டால், கைதான நாளிலிருந்தே அதைக் கணக்கிட நீதிபதியிடம் வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீதிபதி அப்படி உத்தரவிடாவிட்டால் தீர்ப்பு நாளிலிருந்துதான் சிறைக்காலம் தொடங்கும்.