டர்போவை எங்கே மாட்டுவது?

டர்போ என்பது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி. அதை வண்டியில் மாட்டக் காலி இடத்தைத் தேடுமுன் ஆயில் இறங்கும் வழியைப் பாருங்க. டர்போவிலிருந்து ஆயில் தானாக வடிய வேண்டியதுதான். தள்ளிவிட அழுத்தம் கிடையாது. ஆகவே டர்போ, சம்ப்பின் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கணும். வடிகுழாய் உள்விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையாமல், நடுவில் தொங்காமல், சம்ப்பிலும் ஆயில் மட்டத்துக்கு மேலேயே சேரணும். வடிதுளை நேர்கீழிலிருந்து 20 டிகிரிக்கு மேல் சாய வேண்டாம். இல்லையென்றால் ஆயில் தேங்கி, சீல் வழியே கசிந்து நீலப்புகை வரும். பழி டர்போ மேல் விழும், பாவம்.

டர்போவின் எடை முழுவதும் மேனிஃபோல்டில் (இன்ஜினிலிருந்து புகை வெளிவரும் குழாய்த் தொகுதி) தொங்கினால் அது விரிசல் விடும். தாங்கும் பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கிலிருந்து கொடுங்க; சேஸிலிருந்து (வண்டியின் அடிச்சட்டம்) கொடுத்தால் இன்ஜின் ஆடும்போது ஏதாவது ஒன்று உடையும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயிலை அழுத்தும் உருளை) பக்கம் டர்பைன் (டர்போவில் புகை பாயும் சூடான பகுதி) வேண்டாம். வேறு வழியில்லையென்றால் நடுவே வெப்பத்தடுப்புத் தகடு. ஏர் ஃபில்டரை வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) இறக்குவது திசையன்விளை தேரிப் (செம்மணல் மேடு) பக்கம் ஓடும் வண்டிக்கு ஆகவே ஆகாது. ஃபில்டரைத் தாண்டும் செம்மண், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் இறக்கை நுனியை அரித்துவிடும்.