தொலைதூர சைக்கிள் பயணம்: முன்பக்கக் கேரியரையும் பைகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீண்ட சைக்கிள் பயணத்துக்குத் தயாராகும் புதியவர்களில் பலர் முதலில் பார்ப்பது பைகளைத்தான். நிறம், கொள்ளளவு, மழையைத் தாங்கும் தன்மை என எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பையை வாங்கிவிட்டு, அதை மாட்டுவதற்கு ஒரு கேரியரைத் தேடி, அந்தக் கேரியரைப் பூட்டுவதற்குத் தம் சைக்கிளின் ஃபோர்க்கில், அதாவது முன் சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் கவைக்கம்பியில், துளையே இல்லை என்பதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். செருப்புக்காகக் காலை வெட்டிக்கொள்ளும் வேலை இது. சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது: முதலில் ஃபோர்க், அடுத்து சுமை, அதன் பின் கேரியர், கடைசியில் பை.

முன்பக்கத்துக்கு இவ்வளவு கவனம் ஏன் தேவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பின் கேரியரில் ஏற்றும் சுமை சைக்கிளின் சட்டத்தோடு சேர்ந்து வருகிறது. முன்பக்கம் ஏற்றும் சுமையோ நீங்கள் ஹேண்டில்பாரைத் திருப்பும்போதெல்லாம் அதனுடன் சேர்ந்து திரும்புகிறது. ஆகவே அதே 4 கிலோ, வைக்கும் இடத்தைப் பொறுத்துச் சைக்கிளை நிதானமாக ஓட வைக்கவும் கூடும், நாள் முழுவதும் கைகளோடு மல்லுக்கட்டவும் கூடும். ஃபோர்க்கின் தண்டு நுழையும் குழாயான ஹெட் டியூபின் நடுவே கீழ்நோக்கிச் செல்லும் கற்பனைக் கோட்டைத் திசைதிருப்பும் அச்சு என்று கொண்டால், சுமை அந்த அச்சுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற மூன்றும்தான் முன்பக்கச் சுமையின் நடத்தையைத் தீர்மானிக்கின்றன.

முன் கேரியர் எல்லோருக்கும் தேவை என்றும் சொல்வதற்கில்லை. கூடாரம், சமையல் பாத்திரம் எதுவும் இல்லாமல் விடுதிகளில் தங்கிச் செல்பவர், பின்பக்கம் இரண்டு பைகளும் ஹேண்டில்பாரில் ஒரு சிறு பையும் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்வரலாம். ஆனால் மொத்தச் சுமை 15 கிலோவைத் தாண்டும்போது, எல்லாவற்றையும் பின்னால் குவிப்பது தொல்லையில் முடியும். ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியை ஏற்கெனவே பின் சக்கரம்தான் சுமக்கிறது; அதன் மேல் முழுச் சுமையும் ஏறினால் பின் சக்கரத்தின் ஸ்போக் கம்பிகள் முறியும் வாய்ப்பு கூடுவதோடு, ஏற்றத்தில் முன் சக்கரம் பிடிப்பிழந்து அலையவும் தொடங்கும்.

படி 1: ஃபோர்க்கைப் பாருங்கள்

சைக்கிளை வெளிச்சத்தில் நிறுத்தி, முன் சக்கரத்தின் அருகே அமர்ந்து ஃபோர்க்கை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஆக்ஸில் எனப்படும் சக்கரத்தின் நடுத்தண்டைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே திருகுமரை வெட்டிய சிறு துளைகள் இருக்கின்றனவா? ஃபோர்க் கால்களின் நடுப்பகுதியில், வெளிப்பக்கமாக, துளைகள் உள்ளனவா? இரண்டு கால்களும் மேலே ஒன்றுசேரும் இடத்தில், முன்பின்னாக ஊடுருவும் ஒரு துளை உள்ளதா? இந்த மூன்று விடைகளையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழேயும் நடுவிலும் துளைகள் இருந்தால் லோரைடர் எனப்படும் தாழ்வான கேரியரைப் பூட்டலாம். கீழேயும் மேலேயும் இருந்தால் சக்கரத்துக்கு மேல் தட்டு வைத்த கேரியர் பொருந்தும். காலின் பக்கவாட்டில் 64 மி.மீ. இடைவெளியில் மூன்று துளைகள் வரிசையாக இருந்தால், அவை ஃபோர்க் கூண்டுகளுக்கு உரியவை.

அடுத்து ஃபோர்க் எதனால் ஆனது என்று பாருங்கள். எஃகு ஃபோர்க் என்றால் கவலை குறைவு. துளை இல்லாத உருண்டையான எஃகுக் கால்களில் கிளாம்ப் போட்டுப் பூட்டும் கேரியர்களும் கிடைக்கின்றன. கார்பன் ஃபோர்க்கில் அந்த வழியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கார்பன் குழாய், கிளாம்ப் ஒரே இடத்தில் நெரிக்கும் அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. முன் ஃபோர்க் முறிந்தால் விழுவது நேராக முகத்தில்தான். துளைகளோடு வரும் கார்பன் ஃபோர்க்குகளுக்கு, ஒவ்வொரு பக்கமும் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று தயாரிப்பாளர் ஓர் உச்சவரம்பு சொல்லியிருப்பார். அந்த எண் கையேட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்கிய பிறகே மேற்கொண்டு செலவு செய்யுங்கள்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஃபோர்க்கின் மேல்பகுதியும் கீழ்க்கால்களும் ஒன்றையொன்று நோக்கி அசைபவை என்பதால், மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையும் பூட்டும் சாதாரணக் கேரியர் அதற்கு ஆகாது. கேரியரின் எல்லாப் பிடிப்புகளும் அசையும் கீழ்க்கால்களிலேயே அமைய வேண்டும். ஆக்ஸிலில் ஒரு பிடியும் கீழ்க்காலில் ஒரு பிடியுமாக அமைக்கப்பட்ட கேரியர்கள் இதற்கென்றே உள்ளன.

டிஸ்க் பிரேக் இருந்தால், இடது காலில் இருக்கும் கேலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பகுதி, கேரியரின் கம்பிக்குக் குறுக்கே வரக்கூடும். டிஸ்க் பிரேக்குக்குப் பொருந்தும் என்று குறிப்பிட்ட மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். போல்ட்டில் கோர்த்து இடைவெளி உண்டாக்கும் நீளமான ஸ்பேசர்களை அடுக்கிச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. ஸ்பேசர் நீளும் அளவுக்கு போல்டின் மேல் வளைக்கும் விசையும் கூடுகிறது என்பதால், அதைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சுமையை எடை போடுங்கள்

கொண்டுபோக நினைக்கும் பொருள்களைத் தரையில் பரப்பி, தொங்கு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். மனக்கணக்கு இங்கே உதவாது. மண்ணெண்ணெய் அடுப்பும், பூட்டும், கருவிப்பையும் நினைத்ததைவிட எப்போதும் கனமாகவே இருக்கும். நான்கு பைகளோடு செல்லும் பயணத்தில் சுமையின் 40 விழுக்காட்டை முன்னாலும் 60 விழுக்காட்டைப் பின்னாலும் வைப்பது பழக்கமான தொடக்கக் கணக்கு. 20 கிலோ என்றால் முன்பக்கம் 8 கிலோ, ஒரு பக்கத்துக்கு 4 கிலோ. அடர்த்தியான சிறு பொருள்கள் முன்னாலும், தூங்கும் பை போன்ற இலேசான பெரிய பொருள்கள் பின்னாலும் போகட்டும்.

படி 3: சுமை எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

தார்ச்சாலைகளிலும் ஓரளவு நல்ல மண்சாலைகளிலும் செல்லும் புதியவருக்கு என் பரிந்துரை லோரைடர்தான். பைகள் சக்கரத்தின் இருபுறமும், அவற்றின் நடு ஆக்ஸிலின் உயரத்தை ஒட்டி, திசைதிருப்பும் அச்சுக்கு மிக அருகில் தொங்குகின்றன. முதல் சில நிமிடங்களுக்கு ஹேண்டில்பார் மந்தமாகத் தோன்றும். அதன் பிறகு அந்த மந்தமே ஓட்டத்துக்கு நிதானமாகிவிடும். இதன் குறை உயரம். சக்கரத் தடம் ஆழமாக விழுந்த வழிகளிலும், கற்கள் துருத்திய பாதைகளிலும், ஓடையைக் கடக்கும்போதும் பையின் அடிப்பகுதி இடிபடும், நனையும்.

அத்தகைய கரடான பாதைகளுக்கு ஃபோர்க் கூண்டுகள் ஏற்றவை. ஒவ்வொரு காலிலும் ஒரு சிறு கூண்டைப் பூட்டி, அதில் நீள்உருளைப் பையையோ பெரிய தண்ணீர் பாட்டிலையோ வாரால் கட்டுவார்கள். பொதுவாக ஒரு பக்கத்துக்கு 3 கிலோ என்பதே வரம்பு.

சக்கரத்துக்கு மேலே தட்டு வைத்த கேரியர் பெரிய பையையோ கூடையையோ தாங்கும். நின்றபடி திறந்து எடுக்க இதைப்போல் வசதியானது வேறில்லை. ஆனால் சுமை உயரத்தில் அமர்வதால், சைக்கிளின் வடிவியல் இங்கே குறுக்கிடுகிறது. திசைதிருப்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்துக்கு டிரெயில் என்று பெயர். ஹெட் டியூபின் சாய்வு 72 பாகை, சக்கரத்தின் ஆரம் 340 மி.மீ., ஃபோர்க்கின் ஆஃப்செட் (திசைதிருப்பும் அச்சிலிருந்து ஆக்ஸில் முன்தள்ளியிருக்கும் தூரம்) 45 மி.மீ. என்றால் டிரெயில் சுமார் 63 மி.மீ. வருகிறது, ஆஃப்செட்டை மட்டும் 65 மி.மீ. ஆக்கினால் அது சுமார் 42 மி.மீ. ஆகக் குறைகிறது. பிரான்ஸின் பழைய ராந்தனர் எனப்படும் நெடுந்தூர சைக்கிள்கள், முன்பக்கம் ஒரே பெரிய பையை ஏற்றுவதற்காகவே இப்படிக் குறைந்த டிரெயிலோடு கட்டப்பட்டன. அதிக டிரெயில் கொண்ட சைக்கிளில் அதே பையை வைத்தால், மெதுவாகச் செல்லும்போது சக்கரம் தானாகவே ஒருபக்கம் சரியப் பார்க்கும். தயாரிப்பாளரின் அளவு அட்டவணையில் 60 மி.மீ. அல்லது அதற்கு மேல் கண்டால், மேல்தட்டில் 3 கிலோவுக்கு மேல் வைக்காமல் இருப்பது என் பழக்கம்.

ஹேண்டில்பாரில் மாட்டும் பெட்டி போன்ற பை என்பது பணம், கேமரா, தின்பண்டம் ஆகியவற்றுக்கு. ஒரே அழுத்தில் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் முழுப் பயன்; அதில் தண்ணீரையும் கருவிகளையும் அடைக்காதீர்கள். கேரியரே இல்லாமல் வாரால் கட்டும் சுருள் பை இன்னொரு வகை. வாங்கும் முன், வளைந்த ஹேண்டில்பாரில் பையின் இரு நுனிகளும் கொம்புகளுக்கு நடுவே அடங்குமா, பிரேக் கேபிள்கள் மடங்காமல் இருக்குமா, பைக்கும் டயருக்கும் நடுவே இடம் எஞ்சுமா என்று அளந்து பாருங்கள். சஸ்பென்ஷன் 100 மி.மீ. அமுங்கும் என்றால், அந்த 100 மி.மீ. போகவும் டயர் பையைத் தொடக்கூடாது.

படி 4: கேரியரைத் தேர்ந்தெடுங்கள்

கேரியரில் பொறித்திருக்கும் உச்ச எடையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, டியூபஸ் நிறுவனத்தின் தாரா என்ற லோரைடர் 15 கிலோ தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. அந்த எண்ணில் பைகளின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குரோமோலி என்ற கலப்பு எஃகுக் குழாயால் ஆனது விலை கூடியது, ஆனால் வளைந்து கொடுக்கும், உடைந்தால் எஃகு வெல்டிங் தெரிந்த எவரும் ஒட்டித் தருவார். அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது. முறிந்தால் வழியில் பழுதுபார்ப்பது கடினம். குறுகிய பயணங்களுக்கு நல்ல அலுமினியக் கேரியர் தாராளமாகப் போதும். மாதக்கணக்கில் ஆளில்லாப் பாதைகளில் செல்பவர் எஃகை எடுத்துக்கொள்வது நல்லது. இரண்டு பக்கக் கேரியர்களையும் சக்கரத்துக்கு மேலாக இணைக்கும் வளைகம்பி உள்ள மாதிரி, இல்லாததைவிடக் குறைவாகவே அசையும். அந்தக் கம்பிக்கு அடியில் உங்கள் டயரும் மட்கார்டும் புகுமா என்பதையும் சரிபாருங்கள்.

படி 5: இப்போது பை

லோரைடருக்கான முன்பைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 முதல் 15 லிட்டர் கொள்ளும். பையின் கொக்கிகள் உங்கள் கேரியர் கம்பியின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும், 10 மி.மீ. கம்பியில் 16 மி.மீ. கொக்கியை அப்படியே மாட்டினால் ஒவ்வொரு குழியிலும் ஆடி, கம்பியையே தேய்த்துவிடும். கொக்கிக்குள் செருகும் பிளாஸ்டிக் துண்டுகள் பையோடு வந்திருக்கும், அவற்றைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மேல் கொக்கிகள் தாமே பூட்டிக்கொள்பவையாகவும், பையின் கீழ்ப்பகுதியைக் கேரியரோடு பிடிக்கும் ஒரு தாங்கி உள்ளதாகவும் இருக்கட்டும். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை மழைக்கு நிகரற்றது, ஆனால் அடியில் உள்ளதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேரும். துணிப்பையில் வெளி அறைகள் உண்டு. உறையைப் போட மறந்தால் உடை நனையும்.

படி 6: பூட்டுங்கள், நிரப்புங்கள்

பெரும்பாலான ஃபோர்க் துளைகள் எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு உரியவை. போல்ட் குறைந்தது 5 மி.மீ. ஆழமாவது மரைக்குள் இறங்க வேண்டும். அதே வேளையில் உட்பக்கம் நீட்டிக்கொண்டு ஸ்போக் கம்பியையோ டிஸ்க்கையோ உரசவும் கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து உறுதி செய்யுங்கள். நடுத்தர வலுவுள்ள மரைப்பசை ஒரு சொட்டு விட்டால், அதிர்வில் போல்ட் தளர்வது குறையும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் பாதி மட்டும் இறுக்கி, கேரியர் நேராக உட்கார்ந்த பிறகே முழுவதும் இறுக்குங்கள்.

பைகளை நிரப்பியதும் இரண்டையும் மீண்டும் நிறுங்கள். வேறுபாடு அரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். கனமானவை பையின் அடியிலும் சக்கரத்தை ஒட்டிய பக்கத்திலும் போக வேண்டும். தொங்கும் வார்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிக் கட்டுங்கள். முன் சக்கரத்துக்குள் ஒரு வார் சிக்கினால் சக்கரம் அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறியப்படுவார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பை வெளிச்சத்தை மறைக்கிறதா என்றும் பாருங்கள். ஹேண்டில்பார் விளக்கு பெரும்பாலும் பையின் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைக் கேரியரின் முன்முனைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

பயண நாளில் அல்ல, அதற்கு முந்தைய வாரத்தில், முழுச் சுமையோடு ஓர் அரைநாள் ஓட்டுங்கள். ஏற்றம், இறக்கம், திடீர் பிரேக், ஒரு கையால் ஓட்டுவது என எல்லாவற்றையும் முயன்று பாருங்கள். இறக்கத்தில் ஹேண்டில்பார் இடமும் வலமுமாக வேகமாக அதிரத் தொடங்கினால், கைப்பிடியை இறுக்காமல், முழங்கால்களால் மேல்குழாயை அணைத்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். பெரும்பாலும் அதிர்வு அடங்கிவிடும். பிறகு காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: கொக்கி ஆடுகிறதா, கேரியர் போல்ட் தளர்ந்ததா, ஹெட் டியூபுக்குள் ஃபோர்க்கைத் திரும்ப விடும் பேரிங்குகளான ஹெட்செட்டில் இடைவெளி உள்ளதா, ஒரு பக்கம் கனமா. எதுவும் இல்லையென்றால் ஹேண்டில்பார் பையிலிருந்து ஒரு கிலோவை எடுத்துக் கீழ்ப்பைகளுக்கு மாற்றி, அதே இறக்கத்தில் மறுபடியும் இறங்கிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தால்தான் எது குணமாக்கியது என்று தெரியும். திரும்பி வந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் ஆலன் கீயால் ஒருமுறை சோதியுங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் ஓட்டத்திலேயே சற்றுத் தளர்வது இயல்பு. அதே அளவில் நான்கைந்து போல்ட்டுகளையும் சில ஜிப் டைகளையும் கருவிப்பையில் போட்டுக்கொண்டு, பயணத்தின்போது ஒவ்வொரு நாள் காலையிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.