முதல் வரைபடத்துக்கு முன் லேயரின் அலகைப் பாருங்கள்

இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில் வரைபடம் பழகுகிறீர்களா? நொய்யல் ஆற்றின் இருபுறமும் 500 மீட்டர் பட்டை வரையலாம் என்று பஃபர் கருவியைத் திறந்தேன். மீட்டருக்குப் பதில் டிகிரி என்று காட்டியது. ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். 500 போட்டால் பூமியே போதாது! ஆற்றின் லேயர், அதாவது தரவு அடுக்கு, இபிஎஸ்ஜி 4326 என்ற எண்ணுள்ள, இடங்களை டிகிரியில் குறிக்கும் ஆயமுறையில் இருந்ததுதான் காரணம்.

லேயரை வேறு ஆயமுறைக்கு மாற்றும் ரீப்ரொஜெக்ட் லேயர் கருவியில், மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் எண்ணான 32643 கொடுத்து மாற்றினேன், மீட்டர் வந்துவிட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களுக்கு இந்த எண். கரூர், நாமக்கல் நகரங்கள் 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் அவற்றுக்கு 32644.

அப்புறம், திரையின் வலது கீழ் மூலையில் புராஜெக்ட் எண்ணை (திரையில் காட்டும் ஆயமுறையின் எண்ணை) மட்டும் மாற்றினால் லேயர் மாறாது. அங்கேதான் எனக்கு அரை நாள் போனது.