உபுண்டுவில் தமிழ்99: பட்டியலில் சரியானதைத் தேர்ந்தெடுப்பதும், கேப்ஸ் லாக்கை மொழி மாற்றும் விசையாக்குவதும்

பெரியப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவருக்கு ஒரு மடிக்கணினி வாங்கி, உபுண்டு (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம், லினக்ஸ் வகை) போட்டுக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "நேரா தமிழ்ல தட்டணும்ப்பா. இங்கிலீஷ்ல எழுதி அதைத் தமிழா மாத்துற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம்." அரை மணி நேரத்தில் முடியும் என்று உட்கார்ந்தேன். இரண்டு மாலைகள் ஆகிவிட்டன. அவ்வளவு நேரமும் போனது ஒரே ஒரு படியில். அந்த இடத்தில் இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் கணினியில் இருப்பது உபுண்டு 24.04, என்னுடையதில் 22.04. இரண்டிலும் இதே வழிதான். ஓரிரு பெயர்கள் மட்டும் பக்கம் மாறி இருக்கும்.

எந்த விசையமைப்பு என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை: தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. உயிரெழுத்துகள் எல்லாம் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, புள்ளி, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில்: அ மேல் ஆ, இ மேல் ஈ, உ மேல் ஊ. இதைப் பார்த்ததும் பெரியப்பா, "இதை யாரோ இலக்கணம் தெரிஞ்சவங்கதான் செஞ்சிருக்காங்க" என்றார். ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவது) வேகமாகத் தட்டுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெரியும். ஆனால் 'நன்றி' என்று எழுத நான்கே தட்டு (ந, ன, ற, இ) போதும் என்று ஒரு தடவை பழகிவிட்டால் திரும்பிப் போக மனம் வராது.

முதலில் எம்17என்

பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ் என்ற மென்பொருள் உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் எஃப்சிடிஎக்ஸ் போடலாமா என்று கேட்பார்கள். கேடிஇ என்ற வேறு திரையமைப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு அது நல்ல தேர்வு. உபுண்டுவின் வழக்கமான க்னோம் திரைக்கு ஐபஸ்தான் செட்டிங்ஸோடு ஒட்டி நிற்கிறது, அதை விட்டு வெளியே போக வேண்டாம்.

நமக்குத் தேவை 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதி (நிறுவ வேண்டிய மென்பொருள் தொகுப்பு). டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் ஒரு வரியில் முடித்துவிடுவீர்கள். மற்றவர்கள் பொதிகளைத் தேடி நிறுவ உதவும் சினாப்டிக் என்ற செயலியை நிறுவிக்கொண்டு அதில் தேடுங்கள். ஆப் சென்டரில் சினாப்டிக் கண்ணில் படாவிட்டால், தேடல் பக்கத்தில் டெபியன் பொதிகள் என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தால் வரும். 'ட்வீக்ஸ்' என்ற செயலியையும் கையோடு நிறுவிவிடுங்கள், பிறகு தேவைப்படும்.

(எம்17என் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 'மல்டிலிங்குவலைசேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் எழுத்து எம், கடைசி எழுத்து என், நடுவில் 17 எழுத்துகள். அவ்வளவுதான்.)

நிறுவி முடித்ததும் லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த படியில் வரவேண்டிய பெயர்கள் பட்டியலில் இருக்காது.

என் இரண்டு மாலைகள் போன இடம்

செட்டிங்ஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ். அங்கே கூட்டல் குறியை அழுத்தி, மூன்று புள்ளியைத் தட்டி, தேடலில் தமிழ் என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். ஒரு பெரிய பட்டியல் விழும். அதில் ஒன்று 'தமிழ் (தமிழ்நெட் '99)'. இன்னொன்று 'தமிழ் (தமிழ்99 (எம்17என்))'. நான் முதலில் சொன்னதைச் சேர்த்தேன். பெயர் சரியாக இருக்கிறதே, வேறென்ன வேண்டும்?

பிறகு 'தங்கம்' என்று தட்டினேன். த, ங, க, ம, புள்ளி. திரையில் வந்தது 'தஙகம்'. ஐபஸை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், எழுத்துரு மாற்றினேன், மொழித் தொகுப்பை மறுபடி நிறுவினேன். எதற்கும் அசையவில்லை.

காரணம் புரிந்தபோது எளிதாக இருந்தது. அந்த முதல் பெயர் வெறும் விசை வரைபடம். இந்த விசைக்கு இந்த எழுத்து என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். முன்னால் எந்த எழுத்து தட்டினோம் என்பதை அது திரும்பிப் பார்க்காது. தமிழ்99இன் உயிரே அந்தத் திரும்பிப் பார்த்தலில்தான் இருக்கிறது. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும்: க, க தட்டினால் 'க்க'. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இந்த வேலையைச் செய்வது எம்17என். அதனால் அடைப்புக்குறிக்குள் எம்17என் என்று இருப்பதைத்தான் சேர்க்க வேண்டும். மற்றதைச் சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள். இரண்டும் பட்டியலில் இருந்தால் எது ஓடுகிறது என்று தெரியாமல் மறுபடி குழம்புவீர்கள்.

அதே பட்டியலில் 'டைப்ரைட்டர்', 'போனெடிக்', 'இன்ஸ்கிரிப்ட்' எல்லாம் உண்டு. ரெங்கநாதன் அமைப்பில் பழகிய இலங்கை நண்பர்களுக்கு அதன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

சேர்த்ததும் டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து சூப்பர் விசையோடு (விண்டோஸ் குறி இருக்கும் விசை) ஸ்பேஸ் அழுத்துங்கள். தமிழுக்கு மாறும். சோதனைக்கு 'தங்கம்' தட்டிப் பாருங்கள். ஐந்தே தட்டில் சரியாக வந்தால் முடிந்தது.

அ விசையின் இன்னொரு வேலை

தானாக விழும் புள்ளி சில சொற்களில் வேண்டாத இடத்திலும் விழும். எங்கள் தெருக் கோயில் விழாவுக்குப் பெரியப்பா நோட்டீஸ் எழுதினார். 'சமபந்தி விருந்து' என்று தட்டினார், 'சம்பந்தி விருந்து' என்று நின்றது. ம-வுக்குப் பின் ப வந்ததால் புள்ளி விழுந்துவிட்டது. சம்பந்தியும் நல்ல தமிழ்ச் சொல் என்பதால் எழுத்துப்பிழை திருத்திக்கும் அதில் தப்பு தெரியாது. அச்சகத்துக்குப் போகும் முன் அவர் கண்ணில் பட்டது.

இதற்கு வழி அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. புள்ளி வேண்டாத மெய்க்குப் பின் அ விசையை ஒரு தடவை தட்டுங்கள். ச, ம, அ, ப, ந, த, இ என்றால் 'சமபந்தி'. திரையில் தனியாக அ எதுவும் வராது, அந்த ம அகரமாகவே நின்றுவிடும். 'ததும்பு', 'மமதை', 'பப்பாளி' எல்லாம் இப்படித்தான். பப்பாளிக்கு முதல் ப தட்டியதும் அ, அப்புறம் ப, ப, ஆ, ள, இ.

பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்களுக்கு இன்னொன்று. 'கொ' எழுத ஒற்றைக் கொம்பை முதலில் தேடாதீர்கள். க தட்டி ஒ தட்டினால் போதும். எந்த உயிர்மெய்க்கும் மெய் முதலில், உயிர் பிறகு. ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆறும் மேல் வரிசையில் ஷிஃப்டோடு வரிசையாக இருக்கின்றன. ஆய்தம் ஷிஃப்டோடு புள்ளி விசை.

விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். கண் எப்போதும் கீழேயே இருக்கும். விசையமைப்புப் படம் ஒன்றை அச்செடுத்துத் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரியப்பாவுக்குப் பத்தே நாளில் அந்தத் தாள் தேவைப்படவில்லை.

கேப்ஸ் லாக்

ஒரு பத்திக்குள் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்போது சூப்பர்-ஸ்பேஸ் கைக்கு வலி. இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே பெரிதாக ஒரு விசை சும்மா கிடக்கிறது. ட்வீக்ஸ் திறந்து, கீபோர்டு பக்கத்தில் 'அடிஷனல் லேஅவுட் ஆப்ஷன்ஸ்' போங்கள். 'ஸ்விட்சிங் டு அனதர் லேஅவுட்' என்பதை விரித்து, அதில் கேப்ஸ் லாக் என்று இருப்பதை மட்டும் டிக் செய்யுங்கள். அதே பட்டியலில் 'கேப்ஸ் லாக் பிஹேவியர்' என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். அது வேறு வேலை, அங்கே எதையும் தொட வேண்டாம்.

இனி கேப்ஸ் லாக் ஒரு தட்டு, தமிழ். இன்னொரு தட்டு, ஆங்கிலம்.

ரூபாய்க் குறியும் மற்ற குறிகளும்

ஆங்கிலத்துக்கு அமெரிக்க விசையமைப்புக்குப் பதிலாக 'இங்கிலீஷ் (இந்தியா, வித் ருப்பி)' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் எல்லாம் அதே இடத்தில்தான். கூடுதலாக, ஆங்கிலத்தில் இருக்கும்போது வலது ஆல்ட் அழுத்தி 4 தட்டினால் ₹ வரும்.

நீண்ட கோடு, முப்புள்ளி போன்றவற்றுக்கு கம்போஸ் விசை. செட்டிங்ஸ், கீபோர்டு பக்கத்திலேயே கொஞ்சம் கீழே இருக்கிறது. நான் வலது கண்ட்ரோலைக் கொடுத்திருக்கிறேன். வலது ஆல்ட்டைக் கொடுத்தால் ரூபாய்க் குறி போய்விடும். கம்போஸ் தட்டி, விட்டு, பிறகு மூன்று தடவை கழித்தல் குறி தட்டினால் '—'. கம்போஸ், முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளி என்றால் '…'. எல்லாவற்றையும் ஒன்றாக அழுத்திப் பிடிக்கக்கூடாது, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட வேண்டும்.

பின்சேர்க்கை 1: கேப்ஸ் லாக்கை மாற்றிய பிறகு ஆங்கிலத்தில் முழுப் பெரிய எழுத்து எப்படி என்று இருவர் கேட்டிருந்தீர்கள். ஷிஃப்டோடு கேப்ஸ் லாக் அழுத்தினால் பழைய வேலையைச் செய்யும். மறுபடி அதே சேர்க்கையை அழுத்தினால் அணையும்.

பின்சேர்க்கை 2: ஒரு சாளரத்தில் நிரல், இன்னொன்றில் தமிழ்க் கட்டுரை என்று வேலை செய்பவர் ஒருவர், சாளரம் மாறும்போதெல்லாம் மொழியையும் மாற்ற வேண்டியிருக்கிறது என்றார். கீபோர்டு பக்கத்திலேயே, ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி மொழி என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே வசதி, ஆனால் அவர் வேலைக்கு இதுதான் சரி.

பின்சேர்க்கை 3: எழுதி முடித்த சொல்லுக்குள் போய்த் திருத்தும்போது 'கு' வராமல் 'கஉ' என்று பிரிந்து நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என்னிடமும் சில செயலிகளில் அப்படி ஆகிறது. இப்போது தட்டிக்கொண்டிருக்கும் எழுத்தோடுதான் உயிர் சேரும், எப்போதோ தட்டி வைத்த மெய்யோடு சேராது. உயிரை மட்டும் சேர்க்கப் பார்க்காமல், அந்த எழுத்தை முழுதாக அழித்துவிட்டு மெய்யிலிருந்து மறுபடி தட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும்.