கன்னம் வைக்க வைத்த மாத்திரை: ஸ்டீராய்டில் நாம் செய்யும் தவறுகள்

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் என் பெரியம்மைக்குக் காலையில் எழுந்ததும் விரல் மூட்டெல்லாம் மரக்கட்டையாக இருக்கும். மெடிக்கலில் போய் நின்று, "அண்ணாச்சி, கை வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்பாள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த நாலு மாத்திரை, காகிதப் பொட்டலத்தில் வரும். பெயர் கிடையாது. "ஏல, அந்தக் குட்டி வெள்ளை மாத்திரையப் போட்டாத்தான் எல சுத்த முடியுது" என்று ஒன்றரை வருஷம் விழுங்கியிருக்கிறாள். கோயில் கொடைக்கு வந்த சொந்தக்காரர்கள், "மதினிக்குக் கன்னம் வச்சிட்டு, தெளிச்சியா இருக்கா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை டெக்ஸாமெத்தசோன். கார்ட்டிகோஸ்டீராய்டு வகை, சுருக்கமாக ஸ்டீராய்டு. உடம்பிலுள்ள கொழுப்பை இடம் மாற்றி முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொண்டுவந்து சேர்க்கும். கைகால் சதை மெலியும். நாங்கள் தெளிச்சி என்று பார்த்தது அதைத்தான்.

பொட்டலத்தில் வருவதைப் பெயர் கேட்காமல் விழுங்குவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். "அரை மில்லிகிராம்தானே, என்ன செய்துவிடும்?" என்பது அடுத்தது. டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், இன்னொரு ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்றால் 20 மில்லிகிராம் வேண்டும். எண் சிறிதாக இருப்பதால் வீரியம் குறைவு என்று அர்த்தமில்லை. கூடவே அந்த செட்டில் வலி மாத்திரையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது.

இதற்காக மருந்தை வில்லனாக்க வேண்டாம். 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு இதே வகையைச் சேர்ந்த கார்ட்டிசோன் ஊசி போட்டார். அசையவே சிரமப்பட்டவர் சில நாளில் எழுந்து நடமாடினார். 1950-ல் அந்த வேலைக்கு நோபல் பரிசு. கடும் மூச்சிளைப்பு, குழந்தைகளுக்குச் சிறுநீரில் புரதம் போய் உடம்பு வீங்கும் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் எல்லாவற்றுக்கும் இன்றும் ஸ்டீராய்டுதான் கைகொடுக்கிறது. குறைமாதத்தில் வலி வந்த தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வயிற்றில் இருக்கும் பிள்ளையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துகிறது.

சரி, பெரியம்மை கதைக்கு வருகிறேன். ஒருநாள் கடையில் அட்டையோடு கொடுத்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த அவள் மகன் பெயரைப் பார்த்துவிட்டு, "ஐயோ, ஸ்டீராய்டும்மா!" என்று அத்தனையையும் குப்பையில் போட்டான். நல்லதுதான் செய்ததாக நினைத்தான். நாலாம் நாள் வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பிரஷர் அடியோடு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் டிரிப்போடு ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றித்தான் மீட்டார்கள். எந்த மாத்திரையைத் தூக்கி எறிந்தானோ, அதே வகை மருந்து.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலைத் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து மாத்திரையாக வந்துகொண்டே இருந்தால் அவை வேலையை நிறுத்திவிடும். வாசலுக்கு லாரித் தண்ணீர் வருகிற வீட்டில் கிணற்று மோட்டாரை யார் போடுவார்கள்? லாரி திடீரென்று நின்ற அன்றுதான் மோட்டார் துருப்பிடித்துக் கிடப்பது தெரியும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். இடையில் கடும் காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால், ஸ்டீராய்டு சாப்பிட்டதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் உடம்புக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

நாளுக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவதே பெரும்பாலும் சரி. உடம்பின் கார்ட்டிசோலும் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ராத்திரி போட்டால் தூக்கம் கெடும். சுகர் பார்ப்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. காலை மாத்திரையின் வேகம் மத்தியானத்துக்கு மேல்தான் தெரியும். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் ‘நார்மல்’ என்று வந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் எகிறியிருக்கும்.

அப்புறம் களிம்பு. வேர்வை ஊறும் இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்தால், பக்கத்து வீட்டு டியூபை வாங்கித் தேய்ப்பது நம் வழக்கம். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சைக்கோ கொண்டாட்டம், வட்டம் வடிவிழந்து பரவும், டாக்டருக்கே அடையாளம் தெரியாது. தோல் மெலிந்து விழும் வரிகள் ஆயுசுக்கும் போகாது. சிவப்பழகுக்காக முகத்தில் தடவுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிசான அறுப்பில் நெல் தாள் கண்ணில் குத்தினால் பழைய சொட்டு மருந்தைத் தேடி எடுக்காதீர்கள். ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைக் குறைக்கும். உள்ளே பூஞ்சைப் புண் இருந்தால் கருவிழியையே தின்றுவிடும்.

மூச்சிளைப்புக்கு இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை, "பழகிவிடும்" என்று பயந்து விட்டுவிட்டு மாத்திரைக்குப் போகிறவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். இன்ஹேலரில் அளவே மைக்ரோகிராம்தான், அதுவும் நேராக நுரையீரலுக்கு. இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வெள்ளை படியாது.

பெரியம்மைக்கு இருந்தது முடக்குவாதம். அதற்கென்று வேறு மாத்திரை ஆரம்பித்து, எலும்பு தேயாமலிருக்கக் கால்சியமும் கொடுத்து, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த ஏழு மாதம் ஆனது. இப்போது சுளகை மடியில் வைத்து இலை சுற்றுகிறாள். போன வாரம் கண்ணாடி பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏல, கன்னம் வத்திட்டுல்லா?"