எல்லா ஊரும் உலகில் இரண்டாவதா? பயணக் குறிப்பு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெரினா உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை. பிச்சாவரம் உலகின் இரண்டாவது பெரிய அலையாத்திக் காடு. எந்தப் பயணக் குறிப்பைத் திறந்தாலும் இந்த இரண்டாம் இடம் நமக்கென்றே ஒதுக்கி வைத்த மாதிரி இருக்கிறது. முதலிடம் யாருக்கு, மூன்றாவது எது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. மெரினா ஆறு கிலோமீட்டர் சொச்சம். அளவை எப்படி இழுத்தாலும் பதின்மூன்றைத் தாண்டாது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை சுமார் 120 கிலோமீட்டர். பிச்சாவரம் ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்தான். இந்தியாவுக்குள்ளேயே சுந்தரவனமும் ஒடிசாவின் பிதர்கனிகாவும் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

பெருமைக்குச் சொன்னால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுவது எழுதியவரின் நம்பகம். முதல் வரியே பொய் என்று தெரிந்தவர், பத்தாவது வரியில் வரும் படகு நேரத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? அதோடு, இந்தப் பட்டம் வந்து உட்கார்ந்துவிட்டால் சொல்ல வேண்டியது விடுபட்டுப் போகும். பிச்சாவரத்தில் மோட்டார் படகு அகலமான நீர்வழியில்தான் போகும். வேர்கள் தொங்கும் குறுகிய கால்வாய்களுக்குள் நுழைய வேண்டுமானால் துடுப்புப் படகுதான் எடுக்க வேண்டும். போகிறவருக்கு வேண்டியது இந்தத் தகவல்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்ற கதையும் இதே ரகம். நிழல் நன்றாகவே விழுகிறது. மாலையில் வளாகத்தில் நின்றால் யாரும் பார்க்கலாம். உண்மையில் வியக்க வேண்டியது சுவரிலேயே எழுதியிருக்கிறது. 1010ஆம் ஆண்டு வாக்கில் கட்டி முடிந்த அந்தக் கோயிலில், பணிக்கு அமர்த்தப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிர்) பெயர்களைத் தெரு வாரியாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊழியர் பதிவேடு! இதை விட்டுவிட்டு நிழலே இல்லை என்று எழுதுவானேன்?

அடுத்தது ஒப்பீடு. ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பதும் சித்தன்னவாசலைத் 'தென்னாட்டு அஜந்தா' என்பதும் காது புளித்துப்போனவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. மே மாதப் பகலில் ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து ஏற்காட்டுக்குப் போனால் ஏமாற்றம்தான். சித்தன்னவாசல் ஒரு சிறிய குடைவரை. அஜந்தாவை மனதில் வைத்துப் போகிறவர் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். 'ஓவியம் பெரும்பாலும் மங்கிவிட்டது. அண்ணாந்து விதானத்தைப் பாருங்கள், தாமரைக் குளமும் அதில் மீன்களும் பறவைகளும் பூப்பறிப்பவர்களும் இருக்கிறார்கள்' என்று முன்னாலேயே சொல்லி அனுப்பினால், அவர் இன்னும் சற்று நேரம் நின்று பார்ப்பார்.

எந்த மாதத்தில் பார்த்தது என்பதை எழுதாமல் விடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் குற்றாலத்தை அருவி கொட்டும் படத்தோடு போட்டு மாதத்தைச் சொல்லாவிட்டால், மார்ச்சில் குடும்பத்தோடு போனவர் பெரும்பாலும் பாறையைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். சீசன் என்பது தென்மேற்குப் பருவமழையை நம்பியது. கன்னியாகுமரியிலும் சூரியன் கடலுக்குள் இறங்குவதை ஆண்டு முழுக்கப் பார்க்க முடியாது. ஏறத்தாழ அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் வரைதான். அப்புறம், கன்னியாகுமரி இந்திய நிலப்பரப்பின் தென்முனை. இந்தியாவின் தென்முனை அல்ல. அது கிரேட் நிக்கோபாரில் இருக்கும் இந்திரா முனை.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறு. 'ஜான் சல்லிவன் 1819இல் ஊட்டியைக் கண்டுபிடித்தார்' என்று இன்றும் எழுதுகிறார்கள். அவர் ஏறி வந்தபோது தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர் எல்லாரும் அந்த மலையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் மலைக்கு வந்தார், வீடு கட்டினார் என்று எழுதினால் போதுமே. அதே குறிப்பின் கடைசியில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' வரிசையில் தாவரவியல் பூங்காவுக்கும் படகு இல்லத்துக்கும் நடுவே 'தோடர் குடியிருப்பு' என்று வரும். அது அவர்கள் வீடு. யாரைக் கேட்டு உள்ளே போவது, படம் எடுக்கலாமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

தனுஷ்கோடிக்கும் இந்தக் கதிதான். 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்தது, பயணிகளோடு ரயிலும் போனது. அதை வைத்து 'பேய் நகரம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே மீனவக் குடும்பங்கள் வசிக்கின்றன. அவர்களின் குடிசைகளைப் பேய் நகரப் படத்துக்குப் பின்னணியாக்குவது நியாயமில்லை. 'இங்கிருந்து இலங்கை தெரியும்' என்பதும் வழக்கமான வரி. தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, தாழ்வான மணல் நிலமாகக் கிடக்கிறது. கரையில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குத் தொடுவானமே ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

புகழ்ச்சிக்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரு ஆட்டோவில் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, 'இந்த ஊர்க்காரர்களே ஏமாற்றுக்காரர்கள்' என்று எழுதுவது. எங்கிருந்து எங்கே, எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவுக்கு முடிந்தது என்று எழுதினால் படிப்பவர் பேரம் பேசவாவது உதவும்.

சங்கடமான தகவலை மறைப்பதும் நேர்மையில் சேராது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும், இந்து அல்லாதவர்களுக்குக் கருவறைப் பக்கம் அனுமதி இல்லை. சரி, இதில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாசல் வரை வந்தவர் அங்கேதான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

விடுதி இலவசமாகத் தங்க வைத்திருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகளும் இதைத்தான் கேட்கின்றன. நீங்கள் போகாத இடத்தைப் பற்றி எழுதினால், கேட்டு எழுதியது என்று குறிப்பிடுங்கள். எழுதிய மாதத்தையும் ஆண்டையும் கட்டாயம் போடுங்கள். தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை 2017இலேயே தார்ச்சாலை வந்துவிட்டது. மணலில் வேன் பிடித்துத்தான் போக வேண்டும் என்று சொல்லும் பழைய குறிப்பைத் தேதி இல்லாமல் இன்னும் பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.